மழையில் ஒட்டாத காகித இதயங்கள்: குன்னூர் அம்மாவுக்குப் பதில்

ஐப்பசி மழையில் குன்னூர் வீடுகளில் பசை சரியாகக் காயாது, சகோதரி. உங்கள் நான்கு வயது மகள் ஒட்டிய இதயங்கள் சுருண்டு உதிர்வது அவள் கைக்குறை இல்லை. பசையே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையில் விரல் அகலத்துக்கு, ஒரே நீளமாக இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து நிமிர்த்திப் பிடித்து, கீழ்முனையில் ஸ்டேப்ளர் அடியுங்கள். மேலே உள்ள இரு முனைகளையும் ஆளுக்கொரு வெளிப்பக்கமாக வளைத்து, அடித்த முனைக்கும் கீழே கொண்டுவந்து சேர்த்து அடித்தால் இதயம் வந்துவிடும். வளைப்பது அவள் வேலை, ஸ்டேப்ளர் உங்கள் கையில்.

அப்புறம், பீட்ரூட்! நம் மலையில் அதற்கா பஞ்சம்? பாதியாக நறுக்கி, நீங்களே இதய வடிவில் செதுக்கிக் கொடுங்கள்; சாறே சாயம். துணியால் ஒருமுறை ஒற்றிவிட்டு அச்சுக் குத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிறம் பரவிவிடும். கறை லேசில் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.