பிரெஞ்சுப் படம் பார்த்தும் வாய் திறக்கவில்லையா?

தங்கச்சி, கிளிநொச்சியில் இருந்தபடி பிரெஞ்சில் பி1 என்ற இடைநிலைப் படியை முடித்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளோடு நிறையப் பிரெஞ்சுப் படம் பார்த்தும் பேச வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்களில் இல்லை. ஆங்கிலத்தைக் கண் வாசிக்கும்போது காது சும்மா இருந்துவிடும். பிரெஞ்சு வரிகளைப் போடுங்கள்.

புத்தகத்தில் 'ஜ ந சே பா' (எனக்குத் தெரியாது) என்று படித்தது படத்தில் 'ஷே பா' என்று ஓடிவிடும். நாங்கள் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு 'தெரியேல்லை' என்கிறோமே, அதே கதைதான். எனக்கு இது விளங்கவே மாதக்கணக்கானது.

முழுப் படம் வேண்டாம். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை வரியோடு ஒருமுறை, வரியில்லாமல் இரண்டு முறை பாருங்கள். 2008இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற 'ஆந்த்ர் லே மூர்' படம் நல்ல தொடக்கம். பாரிஸ் வகுப்பறை ஒன்றில் ஆசிரியரும் பிள்ளைகளும் விடாமல் வாதாடுவார்கள்.

அப்புறம், கட்டாயம் கதைக்க வேண்டும். பாரிஸில் உங்கள் மச்சாள் இருக்கிறா என்றீர்களே, கோடையில் இங்கே இரவு எட்டு என்றால் அங்கே மாலை நாலரைதான். "ஆசிரியர் செய்தது சரியா?" என்று கேட்டுச் சண்டை பிடியுங்கள். 'நான் அப்படி நினைக்கவில்லை' என்று மறுக்கும்போது 'ஜ ந பான்ஸ் பா க' வரும், அதன் பின்னால் சப்ஜோன்க்டிஃப், அதாவது இப்படி மறுக்கும்போது வரும் தனி வினை வடிவம், தானாக வந்து நிற்கும். பிரெஞ்சுச் சான்றிதழுக்கான டெல்ஃப் தேர்வில், அடுத்த படியான பி2இன் வாய்மொழிப் பகுதியிலும் ஒரு கருத்தைச் சொல்லி அதற்காக வாதாடத்தான் கேட்பார்கள்.

சிக்னல் இல்லாத நாளில் குரல்பதிவு அனுப்புங்கள், போதும். எந்தக் காட்சியில் தொடங்கினீர்கள் என்று இங்கே எழுதுங்கள், நானும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.