உலோகச் சோர்வு என்றால் என்ன? ஆய்வகத்தில் அதை ஏன் சோதிக்கிறார்கள்?

ஓர் உலோகப் பாகம் தாங்கக்கூடியதைவிடக் குறைந்த சுமையையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினாலும் ஒருநாள் அது முறிந்துவிடலாம். இதுதான் உலோகச் சோர்வு.

காரணம், கண்ணுக்குத் தெரியாத விரிசல். துளையின் விளிம்பு, கூர்மையான மூலை, கீறல் போன்ற இடங்களில் விசை குவியும். சுமையை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். மிச்சமிருக்கும் உலோகத்தால் தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று முறியும். மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

1954-ல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் நடப்பதுபோல உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏன் தண்ணீர்? அழுத்திய காற்று என்றால் குண்டுபோல வெடித்துத் தடயத்தையே அழித்துவிடும். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் கிழிந்த இடம் அப்படியே கிடைக்கும். எளிய யோசனைதான், ஆனால் அபாரம்! பறந்ததும் சோதித்ததுமாக 3,057 சுற்றுகளில், சன்னல் திறப்பின் மூலையருகே அது கிழிந்தது. இன்று விமானப் பாகங்களுக்கு இத்தனை சுற்றுக்கு ஒருமுறை பரிசோதனை என்று கணக்கு வைப்பது இத்தகைய சோதனைகளை வைத்துத்தான்.

'ஒருமுறை அதிகச் சுமை வைத்துத் தாங்கிவிட்டால் எப்போதும் தாங்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. விபத்துகளுக்கு முன்பு, தயாரிப்பாளர்கள் சோதனைக்கென்று வைத்திருந்த வேறொரு காமெட் உடற்பகுதிக்கு முதலில் அப்படி அதிக அழுத்தம் கொடுத்திருந்தார்கள். அதனாலேயே சோர்வுச் சோதனையில் அது உண்மையான விமானங்களைவிட நெடுங்காலம் தாங்கி, எல்லோரையும் ஏமாற்றியது.