கேட்காத கிண்ணத்துக்கு 400 யென்: சிறிய யாக்கிதோரிக் கடைகள் ஏமாற்றுகின்றனவா?

டோக்கியோவில் ஒரு சிறிய யாக்கிதோரிக் கடையில், அதாவது கோழிக்கறியைக் குச்சியில் கோத்து அனலில் சுட்டுக் கொடுக்கும் கடையில், நீங்கள் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தை வைத்து, பில்லில் 400 யென் சேர்த்துவிட்டார்கள் என்றும், மொழி தெரியாதவர்களை இப்படித்தான் ஏமாற்றுவார்களா, இனி அத்தகைய கடைகளுக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை; தாராளமாகப் போகலாம். இதோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் இதே 400 யெனுக்காக இதே போன்ற ஒரு கடையில் வாக்குவாதம் செய்தவன் நான் என்பதால், உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அந்தக் கிண்ணத்துக்கு ஓதோஷி என்று பெயர். ஒசாகா, கியோத்தோ பக்கத்தில் சுகிதாஷி என்பார்கள். மது அருந்தவும் கொறிக்கவும் உட்காரும் கடைகளில், உட்கார்ந்தவுடன் ஆளுக்கு ஒன்றாக வைக்கப்படும் இந்தச் சிறு பண்டத்துக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை வாங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கென்று தனியாக விதித்த கட்டணம் அன்று. பக்கத்து இருக்கையில் இருபது வருடமாக வந்துபோகும் ஜப்பானியரும் அதே தொகையைத்தான் கொடுக்கிறார். அந்த நாட்டில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேரே உட்காரக்கூடிய ஒரு கடையில் நாம் ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கான காசு அது. கையில் ஒரு கிண்ணத்தோடு வருவதால் உணவின் விலை என்று நாம் தவறாக நினைத்துக்கொள்கிறோம்.

2016-இல் நான் டோக்கியோவின் நிஷி கசாயில் குடியேறிய புதிது. வேலை முடிந்து டோசாய் தடத்து ரயிலில் வீடு திரும்பும் வழியில், நான்கு நிலையங்களுக்கு முன்பாகவே மொன்சென் நகாச்சோவில் இறங்கி, கோயிலை ஒட்டிய சந்துகளில் நடப்பது வழக்கமாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிவப்புக் காகித விளக்கு தொங்கிய ஒரு வாசலில் துணித்திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். எட்டு இருக்கைகள், அவற்றுக்கு எதிரே நீளமான ஒரு கரி அடுப்பு, அதன் பின்னால் அறுபது வயதைக் கடந்த ஒருவர். இத்தகைய கடைக்காரரை வாடிக்கையாளர்கள் தைஷோ என்று அழைப்பார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். சூடான ஈரத்துண்டைக் கொடுத்தார். துருவிய வெள்ளை முள்ளங்கியின் மேல் பச்சைக் காடை முட்டை ஒன்றை உடைத்து ஊற்றிய கிண்ணத்தை வைத்தார். பச்சை முட்டை எனக்குப் பழக்கமில்லாததால் அதைத் தொடவில்லை. ஆறு குச்சிகளும் ஊலாங் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் பென்சிலால் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் 1,830 என்று இருந்தது. என் கணக்குப்படி 1,430தான்.

கிண்ணத்தைச் சுட்டிக்காட்டி, நான் இதைக் கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் சற்று உரக்கவே சொன்னேன். தைஷோ ஏதோ விளக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு, எண்ணை அடித்து 1,430 என்று எழுதி, தலை குனிந்து நீட்டினார். வெற்றி பெற்றதாக எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு ஜப்பானிய நண்பரிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தக் கடையில் எத்தனை இருக்கைகள்?” என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் அந்த வாசலில் நிற்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. தைஷோ என்னை அடையாளம் கண்டுகொண்டார். முள்ளங்கிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, “இது ஓதோஷி, 400 யென், பரவாயில்லையா?” என்று கேட்டார். அவர் அன்று என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பரவாயில்லை என்று சொல்லி, பச்சை முட்டையோடு சேர்த்து முழுவதையும் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அங்கே பலமுறை உட்கார்ந்து பார்த்ததில்தான், ஒரு குச்சிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது விளங்கியது. கோப்பதற்கு மூன்று வருடம், சுடுவதற்கு ஓர் ஆயுள் என்று இந்தத் தொழிலில் ஒரு சொலவடை உண்டு. வகாயாமா பகுதியின் கிஷூ பிஞ்சோத்தான் கரியைத் தைஷோ இடுக்கியால் ஒன்றோடொன்று தட்டும்போது வெண்கலம்போலக் கணீரென்று ஒலிக்கும். புகை அதிகம் வராமல், நெடுநேரம் ஒரே சீராக அனல் விடும் கரி அது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பும் இடத்திலிருந்து குச்சியை விரல் நுனியால் நகர்த்தி, விசிறியால் இரண்டு வீச்சு வீசி அடக்குவார். உப்பா, தாரேயா என்று ஒவ்வொரு வகைக்கும் கேட்பார்கள். தாரே என்பது சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பான சமையல் மது, சாக்கே என்னும் அரிசி மது, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. தீரத் தீரப் புதிதாக ஊற்றி வருடக்கணக்கில் காப்பாற்றிவரும் அந்த மண்ஜாடியின் வாயோரம் முழுவதும் கருப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். முக்கால் பதம் வெந்த குச்சியை அதில் முக்கி எடுத்து, மறுபடி அனலில் காட்டி, மறுபடி முக்குவார். தொடைக்கறியோடு வெங்காயத்தாளைக் கோத்த நெகிமாவும், கொத்துக்கறி உருண்டையான சுகுனேயும் தாரேயில் நன்றாக இருக்கும். சுனகிமோ என்னும் இரைப்பையை உப்பிலேயே கேளுங்கள், நறுக்கென்று கடிபடும். ஒரு கோழிக்கு ஹட்சு என்னும் இதயம் ஒன்று, போன்ஜிரி என்னும் வால்நுனி ஒன்றுதான். இதயத்தைப் பிளந்து விரித்துக் கோத்தாலும் ஒரு குச்சி நிரம்ப இரண்டு மூன்று கோழிகள் வேண்டும் என்பதால், ஹட்சு, போன்ஜிரி போன்றவை ஏழரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகின்றன.

ஜப்பானியர்களிலேயே ஓதோஷியைப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்களே என்று சிலர் இங்கே எழுதக்கூடும். இருக்கிறார்கள், ஓதோஷி கிடையாது என்று எழுதிப்போட்டே ஆள் சேர்க்கும் கடைகளும் உண்டு. நுழையும்போதே “ஓதோஷி வா அரிமாஸ் கா” (ஓதோஷி உண்டா) என்று கேட்டுவிட்டு, பிடிக்கவில்லையென்றால் மரியாதையாக வெளியேறுவதில் தவறில்லை. சாப்பிட்டு முடித்தபின் மறுப்பதைத்தான் தவறு என்கிறேன். டோக்கியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் ஏமாற்றுக் கடைகளே இல்லையா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இருக்கின்றன, தெருவில் நின்று கூவி அழைப்பவர்களின் பின்னால் போகாதீர்கள் என்று அங்கே ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கிறார்கள். ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாத ஒருவர் தனியாக நடத்தும் எட்டு இருக்கைக் கடையில், தெருவில் நின்று உங்களை அழைக்க ஆள் ஏது?

எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் தருவது வேறொன்று. சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் தைஷோ தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, கடையைப் பற்றி ஆங்கிலத்தில் யாரோ எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுமாறு கேட்டார். ஒரே ஒரு நட்சத்திரம்; கேட்காத கிண்ணத்துக்குக் காசு பிடுங்கும் திருடர்கள் என்று இருந்தது. எழுதியவரை நான் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் அன்று எனக்கு ஆத்திரம் இன்னும் சற்று மிஞ்சியிருந்தால் நானே அதை எழுதியிருப்பேன். திருடர்கள் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். மறுவாரம், இருக்கைக் கட்டணம் 400 யென், ஒரு சிறு பண்டம் தரப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கதவில் ஒட்டினார். இருந்தும், ஐந்து பேராக வந்து எட்டில் ஐந்து இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, மொத்தமாக நான்கு குச்சிகள் வாங்கி, கறியை முட்கரண்டியால் தட்டில் உருவிப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டு, அனுமதி கேட்காமல் அவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் பிடிப்பவர்கள் வரத்தான் செய்கிறார்கள். உருவினால் சூடும் சாறும் போய்விடும்; அதற்காகவா அவர் அனலில் நின்று சுட்டுக் கொடுக்கிறார்?

நீங்கள் அடுத்தமுறை போகும்போது உதவக்கூடிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாகவோ இரண்டு பேராகவோ போங்கள். மது அருந்தாதவராக இருந்தால் ஊலாங் தேநீர் ஒன்று சொல்லிவிட்டால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாமல் இரண்டிரண்டாகக் கேட்டு, வந்தவுடன் குச்சியோடே சாப்பிடுங்கள். வெறும் குச்சியைப் போட மேசையில் ஒரு குவளை இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும்: புக்குவோக்காவின் யாக்கிதோரிக் கடைகளில் பன்றி வயிற்றுக்கறியும் சாதாரணமாக இருக்கும், ஹொக்கைடோவின் முரோரானில் யாக்கிதோரி என்றாலே பன்றிக்கறிதான். மதுவை அறவே விலக்குபவர்கள் தாரேயையும் தவிர்க்க வேண்டியிருக்கும். நெஞ்சுக்கறியை உள்ளே சிவப்பாகவே விட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு; கோழியின் உட்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும் என்று அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமே சொல்லும்போது, நன்றாகச் சுட்டுத் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாலை ஐந்தரைக்கே போய்விடுங்கள். இருக்கையும் கிடைக்கும், ஹட்சுவும் தீர்ந்திருக்காது.