ஆறு மாதம் தள்ளிப்போகிறதே என்று கேட்ட தந்தைக்கு

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் பட்டது பணக்கவலை. இரண்டாவது முறை படித்தபோதுதான் கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்த வரி தெரிந்தது: "இன்னும் படிப்பை முடிக்கவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?" இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் வாகனப் பொறியியல் முதுகலை படிக்கிறார். மூன்றாவது செமஸ்டர் பிப்ரவரித் தேர்வுகளோடு முடிகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஸ்டுட்கார்ட் அருகே ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. போனால் இரண்டு ஆண்டுப் படிப்பு இரண்டரை ஆண்டாகும். "பட்டத்தை வாங்கிவிட்டு இதையெல்லாம் செய்துகொள்ளக் கூடாதா?" என்று கேட்கிறீர்கள்.

கூடாது என்றில்லை, ஆனால் அப்போது கிடைப்பது அரிது. ஜெர்மன் நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பதிவில் இருக்கும் மாணவரைத்தான் இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கின்றன. பட்டம் வந்துவிட்டால் நீங்கள் மாணவர் அல்லர், வேலை தேடுபவர். அப்போது முன்னனுபவம் என்ன என்று கேட்பார்கள்.

நம் ஊரில் படிப்பு தள்ளிப்போனால் அதற்கு ஒரே பொருள்தான்: அரியர். அந்தச் சொல்லோடு வளர்ந்த நமக்கு, நான்கு செமஸ்டர் படிப்பை ஐந்து செமஸ்டரில் முடிப்பது தோல்வியாகத் தெரிகிறது. ஜெர்மனியில் அப்படியில்லை. குறித்த காலத்தைத் தாண்டிப் படிப்பது அங்கே சாதாரணம். இன்டர்ன்ஷிப்புக்காக விடுப்பு செமஸ்டர் எடுப்பதற்கு முறையான ஏற்பாடும் உண்டு. சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்பெனியில் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பட்டம் முடித்த பிறகு வேலை தேடுவதற்காக ஜெர்மனி 18 மாதங்கள் வரை தங்க அனுமதி தருகிறது. அந்தக் கடிகாரம் படிப்பு முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். இப்போது ஆறு மாதம் தள்ளினால் அந்த 18 மாதத்தில் ஒரு நாளும் குறையாது. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு தாயிடம், "முதலில் முடிக்கச் சொல்லுங்கள்" என்று சொன்னவன் நான். பையன் சரியாக இரண்டு ஆண்டில், நல்ல மதிப்பெண்ணோடு முடித்தான். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைத் தவிர எழுத ஒன்றும் இல்லாததால் பதினான்கு மாதங்கள் அலைந்தான். அந்த ஆலோசனை தவறு என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனிப் பணம். மகளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது பாடத்திட்டத்தில் உள்ள கட்டாயப் பயிற்சியா, அவராக விரும்பிச் செய்வதா? முதல் வகைக்கு ஜெர்மனில் 'ஃப்ளிஷ்ட்பிராக்டிகும்' என்று பெயர். கேட்பதற்குச் சிறிய வேறுபாடு போலத் தோன்றும், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. நிறுவனம் மனம் வைத்துக் கொடுப்பதுதான் சம்பளம். விருப்பப் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம் என்றால் பிடித்தம் போவதற்கு முன் மாதம் ஏறத்தாழ 2,400 யூரோ. விசாவுக்காக நீங்கள் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) போட்ட தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992. ஸ்டுட்கார்ட் வாடகை கெம்னிட்ஸைவிட மிக அதிகம்தான். அப்படியும் அவர் கையில் மிச்சம் நிற்க வேண்டும்.

விருப்பப் பயிற்சியாக இருந்தால் ஒரு சிக்கல் வரும். வெளிநாட்டு மாணவர்கள் தனி அனுமதி வாங்காமல் ஒரு காலண்டர் ஆண்டில் 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120 ஆக இருந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலை நாட்களை எண்ணினால் கிட்டத்தட்ட 125 வரும். மகள் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் மாலை வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே வேலை பார்த்த நேரமும் அதே ஆண்டின் கணக்கில் சேரும். வாரத்துக்கு இரண்டரை நாள் என்று வைத்தால் மூன்று மாதத்தில் 30 நாட்களுக்கு மேல். வரம்பு தாண்டிவிடும். ஆகவே சூப்பர் மார்க்கெட் வேலையைக் குறைக்க வேண்டும், அல்லது வெளிநாட்டவர் அலுவலகத்தில் கூடுதல் அனுமதி கேட்க வேண்டும். விடுப்பு செமஸ்டர் எடுப்பதாக இருந்தால், அது தங்கும் அனுமதியைப் பாதிக்குமா என்பதையும் அதே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடட்டும். கட்டாயப் பயிற்சியாக இருந்தால் அந்த நாட்கள் 140இல் சேராது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வு உதவியாளராகச் செய்யும் வேலையும் சேராது.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டு அவருக்கு அனுப்பாதீர்கள். அவரே போடட்டும். "140 நாள் கணக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடனுக்குப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விலக்கு இருக்கும். படிப்பு நீள்கிறது என்று பல்கலைக்கழகப் பதிவுச் சான்றோடு வங்கிக் கிளையில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆறு மாத வட்டி கூடத்தான் செய்யும், அதை மறைக்க மாட்டேன். சம்பள மிச்சத்திலிருந்து அந்த வட்டியை மகளே கட்டட்டும். நீங்கள் கட்டி முடித்துவிட்டு அவரிடம் சொல்லாமல் இருப்பது பாசமாக இருக்கலாம். அவருக்கு அதனால் நன்மையில்லை.

"வெளிநாட்டில் இருப்பதே பெரிய அனுபவம்தானே, இன்டர்ன்ஷிப்பில் தனியாக என்ன வளர்ச்சி?" என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. வெளிநாட்டில் இருப்பதாலேயே யாரும் வளர்ந்துவிடுவதில்லை. கெம்னிட்ஸில் நம் மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். சேர்ந்து சமைப்பார்கள், பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொள்வார்கள், தமிழிலேயே பேசி இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். அந்தத் துணையைக் குறை சொல்ல மாட்டேன். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் ஒரு தட்டு ரசம் சாதம் மருந்து மாதிரி. ஆனால் 400 கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு அலுவலகத்தில், தன்னைத் தவிரத் தமிழர் யாரும் இல்லாத ஒரு குழுவில் உட்காரும்போது நடப்பது வேறு.

திண்டுக்கல் பக்கத்து மாணவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். சோதனைக் கூடத்தில் வரும் அளவீடுகளைத் தொகுத்துத் தருவது அவர் வேலை. முதல் நாள் மேலாளர் அரை மணி நேரம் விளக்கினார். பாதி புரியவில்லை. நம் பிள்ளைகள் அப்போது என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும், தலையாட்டுவார்கள். இரண்டு வாரங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தானே கண்டுபிடிக்கப் பார்த்தார். மூன்றாவது வாரம் விஷயம் வெளியே வந்தது. மேலாளர் திட்டவில்லை. "இரண்டாவது நாளே ஏன் கேட்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். மேலாளருக்கு அது உண்மையிலேயே புரியவில்லை. கேட்காமல் இருப்பது மரியாதை என்று நாம் வளர்த்திருக்கிறோம். அங்கே அது வேலையை மறைப்பது. "'தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபத்து மூன்று வயதானது, சார்" என்று அந்த மாணவர் பிறகு எனக்கு எழுதினார்.

ஜெர்மனிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு: 'டூ', 'ஸீ'. பல அலுவலகங்களில் ஐம்பது வயது மேலாளரே "என்னை டூ என்று சொல்" என்பார். முதல் மாதம் நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. எழுந்த பிறகு இன்னொன்றும் பழகும்: "இந்த வாரத்துக்குள் என்னால் முடியாது" என்று முன்கூட்டியே சொல்வது. வகுப்பறை எதுவும் அதைக் கற்றுத்தரவில்லை.

பயிற்சி முடியும்போது 'ஆர்பைட்ஸ்சொய்க்னிஸ்' என்ற பணிச்சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்; விருப்பப் பயிற்சியில் அது அவருடைய சட்ட உரிமை. அந்தச் சான்றில் எல்லாமே புகழ்ச்சி போலத்தான் இருக்கும். ஆனால் "எப்போதும் எங்கள் மிக முழுமையான திருப்திக்கு ஏற்ப" என்றால் மிக நன்று, வெறுமனே "எங்கள் திருப்திக்கு ஏற்ப" என்றால் ஏதோ தேறினார் என்று பொருள். அடுத்த நிறுவனத்தார் அந்த அடைமொழிகளை எண்ணித்தான் படிப்பார்கள். கையெழுத்தாகும் முன் ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டட்டும்.

எப்போது "வேண்டாம்" என்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு பாடத்தில் இரண்டு முறை தவறி, கடைசி வாய்ப்பு மட்டும் மீதமிருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். பல படிப்புகளில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் பட்டமே கைவிட்டுப் போகும். இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டச் சொல்லும் எந்த முகவரிடமும் போக வேண்டாம். அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொன்னாலும் அப்படித்தான். கெம்னிட்ஸ் அறையை ஆறு மாதம் உள்வாடகைக்கு விட முடியுமா என்று விடுதி நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கட்டும். இல்லையென்றால் இரண்டு வாடகை கட்ட நேரிடும்.

கடைசியாக, தினமும் காலை ஏழு மணிக்கு அவரை அழைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் அப்போது அங்கே விடியற்காலை இரண்டரை மணி. அவர் எடுத்துப் பேசுவது அன்பினால்தான், விழித்திருப்பதால் அல்ல. ஏப்ரலில் வேலைக்குப் போகத் தொடங்கினால் அது முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே அன்று கடைகள் மூடியிருக்கும், பேச நேரம் கிடைக்கும்.

அந்த நிறுவனத்துக்குப் பதில் சொல்ல எந்தத் தேதி வரை அவகாசம் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் சம்மதத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்றால், அந்தத் தேதியை இன்றே கேளுங்கள். ஆனால் இரண்டரை மணிக்கு வேண்டாம்.