வீட்டுக்குள் இழுத்த ஒயரையே வெளியே கொட்டகைக்கும் இழுக்கலாமா?

வேண்டாம். வீட்டு வேலையில் மீந்த 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் அரைச் சுருள் கிடக்கிறது, பின்னால் உள்ள கொட்டகைக்கு அதையே இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம். இதே காரியத்தைச் செய்து பயந்துபோனவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மாட்டுக்கொட்டகை வீட்டிலிருந்து ஐம்பது அடிதான். மீந்த ஒயரைத் தகரக் கூரையின் ஓரமாகக் கட்டி ஒரு பல்பு போட்டோம். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், பசு தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போகாமல் முரண்டு பிடித்தது. "வாய வச்சதும் உதறுது, தொட்டியில என்னமோ இருக்கு" என்று அம்மாதான் கவனித்துச் சொன்னார். டெஸ்டரை இரும்புத் தூணில் வைத்தால் எரிகிறது! தகர விளிம்பில் உரசி ஒயரின் தோல் கிழிந்து, கூரை, தூண், தொட்டிக் கம்பி எல்லாவற்றிலும் கரண்ட் இறங்கியிருந்தது. அன்று அம்மா வெறுங்காலோடு அந்தத் தூணைப் பிடித்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

வீட்டு ஒயருக்கு இருப்பது ஒற்றைத் தோல். சுவருக்குள் பைப்பில் வெயில் படாமல் கிடப்பதற்காகச் செய்தது அது. வெளியே வெயில் பட்டுப் பட்டு அந்த பிவிசி விறைத்து வெடிக்கும். மலையில் வெயில் சுடாது, ஆனால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். பைப்புக்குள் விட்டால் போதும் என்பார்கள். நம் ஊர் மூடுபனி பைப்புக்குள்ளும் புகும். இரவுக் குளிரில் தண்ணீராகி வளைவில் தேங்கி நிற்கும். நான் கழற்றிய பைப்பிலிருந்து கால் டம்ளர் தண்ணீர் கொட்டியது.

வெளியே ஆர்மர்டு, அதாவது கவசம் போட்ட கேபிள்தான். மூன்று கோர் (உள்ளே மூன்று தனித்தனி ஒயர்), தாமிரம், 2.5 ஸ்கொயர். மூன்றாவது கோர் எர்த்துக்கு. மேலே இரும்புக் கம்பிக் கவசம் இருப்பதால் எலி கடித்தாலும் காட்டுப்பன்றி கிளறினாலும் எளிதில் சேதமாகாது. அந்தக் கவசத்தையும் எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டரை அடி ஆழத்தில் மணல் போட்டுப் புதைத்து, மேலே செங்கல் வரிசை வைத்து மூடுங்கள். கேபிள் மேல் ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய எண்) 1554 அல்லது ஐஎஸ் 7098 என்று அச்சிட்டிருக்க வேண்டும். வீட்டு ஒயரில் ஐஎஸ் 694. நடுவில் ஜாயின்ட் போட்டு டேப் சுற்றும் வேலையே கூடாது. அலுமினியத்தையும் தாமிரத்தையும் நேரே முறுக்கினால் இந்த ஈரத்தில் சீக்கிரமே அரித்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமாக, கொட்டகை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள். எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. எங்கள் வீட்டில் அப்போது எம்சிபி மட்டும்தான் இருந்தது. அத்தனை கசிவுக்கும் அது விழவே இல்லை.

வீட்டுக்குள் பிரச்சினை வேறு. சமவெளிக்காரர்கள் ஏசிக்குக் கணக்குப் போடுவதுபோல நாம் கீசருக்கும் ரூம் ஹீட்டருக்கும் போட வேண்டும். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் கீசர் பதிமூன்று. இரண்டும் ஒரே 1.5 லைனில் மாட்டினால் ஒயர் சூடேறித் தோல் உருகலாம். கீசருக்குத் தனி லைன், 4 ஸ்கொயர். ஹீட்டர் பாயின்ட்டுக்கு 2.5. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிற ஊர் இது, பழைய வீடு என்றால் பலகை மச்சு வேறு. அதனால் எஃப்ஆர் (தீ எளிதில் பரவாத ஒயர்) போதாது, தீப்பிடித்தாலும் புகை குறைவாக வரும் எஃப்ஆர்எல்எஸ் வாங்குங்கள். விலை கொஞ்சம்தான் கூடும்.

மீந்த அரைச் சுருளை வீணாக்க வேண்டாம். வீட்டுக்குள் லைட் பாயின்ட்களுக்கு 1.5 தாராளம்.