இரவில் வண்டி அனுப்பித் தம்பியைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். தம்பிக்கு 23 வயது. வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறான். ஏழெட்டு மாதமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் போட்டுக்கொள்கிறான் என்பது இப்போதுதான் தெரியவந்தது. கூட நாலைந்து பையன்கள். மாத்திரை கிடைக்காத நாளில் கண்ணும் மூக்கும் ஒழுக, காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். உறவினர் மூலமாக ஒரு மறுவாழ்வு மையத்தின் ஆள் வந்தார். இரவில் வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாதாம். 60,000 ரூபாய், பாதி முன்பணம். அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்கிறார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்வது டாக்டர்?

பதில்: சம்மதிக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். முதலில் அந்த வண்டி உங்கள் தெருவுக்குள் வரக்கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை என் மேசை மேல் ஒரு ரசீதை விரித்துக் காட்டினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததில் மடிப்புகள் கிழிந்திருந்தன. அறை, சாப்பாடு, மருந்து என்று வரிசையாக எழுதியிருந்தது. அவற்றுக்குக் கீழே ‘ஆள் கூலி நான்கு பேர்’, அதற்கும் கீழே ‘மொட்டை 150’. பையனைத் தூக்கிப்போக வந்த நான்கு தடியர்களின் கூலியையும், அவன் தலையை வழித்த கூலியையும் அப்பாவிடமே வாங்கியிருக்கிறார்கள். மருந்து என்ற வரிக்கு நேரே தொகை இருந்தது, என்ன மருந்து என்று இல்லை. மூன்று மாதத்தில் மருத்துவர் ஒருவரை ஒரே ஒருமுறை பார்த்ததாகப் பையன் சொன்னான், அதுவும் வாசலில் நின்றபடி.

வெளியே வந்த நான்காம் நாள் அந்தப் பையன் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிடத்துக்கு நாலைந்து மூச்சுதான். பழைய நண்பர்களோடு உட்கார்ந்து பழைய அளவையே போட்டிருக்கிறான். மூன்று மாதம் பழக்கமில்லாத உடம்பு அந்த அளவைத் தாங்காது. இந்த மாத்திரைகளின் போதையை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போட்டு எழுப்பினோம். பிழைத்துக்கொண்டான்.

இதைத்தான் நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அடைத்து வைத்தால் போதை உடம்பை விட்டுப் போகும், ஆசை போகாது. தாங்கும் சக்தி போய்விடும், பழைய அளவு மட்டும் நினைவில் இருக்கும். வாசல் திறக்கும் நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள். வண்டிக்காரர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய்தான். எனவே அடைத்துவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியின் விருப்பமில்லாமல் சேர்ப்பதற்கு, ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்போதும் 30 நாள்தான் எல்லை. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் திரும்பவும் பார்க்க வேண்டும், அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். சங்கிலி கூடாது. வலுக்கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. வீட்டாரோடு பேசும் உரிமை உண்டு. மூன்று மாதம் பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்கிறவர், சட்டத்தை மீறப்போவதை உங்களிடம் நேராகவே சொல்கிறார், அதற்கு முன்பணமும் கேட்கிறார். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகினார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் பதிவெண் இல்லாத பலகைகள் நெடுஞ்சாலையில் தொங்குகின்றன. ஆய்வுக்குப் போக வேண்டியவர்களுக்கு ஜீப்புக்கு டீசல் இல்லையாம், ஆள் இல்லையாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். சிகிச்சைக்கு வந்தவனைப் பிடித்துக்கொடுப்பது மருத்துவரின் வேலையன்று. அவன் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது அதே மனநலச் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. தான் உட்கொண்டதற்காகவோ சிறிதளவு கையில் வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவன்கூட, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை பெற்றால் விலக்குக் கிடைக்க வழி உண்டு. பாதியில் விட்டால் கிடைக்காது. விற்றவனுக்கு இது பொருந்தாது.

எங்கே போவது? உங்களுக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் 2025இல் தொடங்கப்பட்டன. அருகில் எது என்று 104க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் எண் 14446. இரண்டும் இலவசம்.

தம்பிக்கு வருவது விடுபடும்போது வரும் உபாதை. கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிசைவது போன்ற வலி. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது: நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின். வந்தவுடன் கொடுக்க மாட்டார்கள். ‘உபாதை தொடங்கட்டும், பிறகு தருகிறோம்’ என்று பெஞ்சில் உட்கார வைப்பார்கள். விரட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து வந்துவிடாதீர்கள். முந்திக் கொடுத்தால் உபாதை பல மடங்காகும். மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்க வேண்டியிருக்கும். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று உங்கள் சித்தப்பா கேட்பார். கேட்கட்டும். ஊசி இல்லாமல், திருடாமல், வேலைக்குப் போகிறானா என்று மட்டும் பாருங்கள். ஆனால் மருந்தின் அளவு நிலைப்படும்வரை லாரிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

இந்த மருந்தைப் பல இடங்களில் தினமும் நேரில் போய் வாங்க வேண்டும், அல்லது சில நாளுக்கு மட்டும் தருவார்கள். சிற்றூர்ப் பையன் இரண்டு பஸ் மாறிப் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடும். வலி மாத்திரையோ சீட்டே இல்லாமல் ஊர் முனையில் கிடைக்கிறது. திட்டம் போட்டவர்கள் ஒரு நாள் அந்த இரண்டு பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். போகட்டும், முதல் மாதம் வீட்டில் யாராவது ஒருவர் அவனோடு போய்வாருங்கள்.

இப்போது ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு முறை படியுங்கள். தம்பி தினமும் குடிக்கிறானா, அல்லது தூக்க மாத்திரை போடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கதையே வேறு. வலி மாத்திரையை நிறுத்தினால் வரும் உபாதை கொடுமையானது, என்றாலும் திடகாத்திரமான இளைஞனின் உயிரைப் பெரும்பாலும் எடுக்காது. தினமும் நிறையக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சியைச் சுவரில் துரத்தத் தொடங்குவான். சாமி வந்துவிட்டது என்று திருநீறு பூசி உட்கார வைப்பார்கள், உயிரே போய்விடலாம். தூக்க மாத்திரைக்கும் அப்படித்தான், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குடிகாரனைப் பக்கத்துக் கிளினிக்கில் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று இன்னொரு பழக்கம். அதற்கு முன் தயமின் என்ற பி1 சத்து ஊசியைப் போட வேண்டும், போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே தம்பி என்னென்ன எடுக்கிறான், கடைசியாக எப்போது எடுத்தான் என்று அதட்டாமல் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம், கையோடு கொண்டு போங்கள்.

ஊசியைப் பகிர்ந்திருப்பார்கள். அதே மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஹெபடைடிஸ் சி பரிசோதனையையும் கேட்டு எடுங்கள். அது இருந்தாலும் பயமில்லை. பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரையில் குணமாகும், அரசே இலவசமாகத் தருகிறது. கையில் வீக்கமோ சீழோ இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். மாத்திரை மாவு நரம்பில் ஏற்றுவதற்காகச் செய்ததில்லை.

எப்போதாவது எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமாக, கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கிக் கிடந்தால் 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தான் என்பதை வந்தவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கம் என்று பொய் சொல்லி நாலாக்சோனைத் தாமதப்படுத்திய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குத் தெரியாதா என்றால், அம்மா, நாலைந்து பையன்கள் சேர்ந்து போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரியும், உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நள்ளிரவில் நான்கு பேர் கத்திக் குதறி ஒருவனை வண்டியில் ஏற்றுவதைவிடப் புறநோயாளிச் சீட்டு அதிகச் சத்தம் போடாது. அந்த மற்றப் பையன்களின் வீட்டாரிடமும் பேச முடிந்தால் பேசுங்கள். ஐந்தில் ஒருவனுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், மாலையில் அவன் அதே திண்ணைக்குத்தான் திரும்புவான்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுவான் என்று யாராவது தொடங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு வீட்டுப் பெண் உங்கள் தம்பிக்கு மருந்தாக முடியாது.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் பணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வீட்டு அடையாளமும் தம்பி எந்நேரம் வீட்டில் இருப்பான் என்ற விவரமும் அவரிடம் போயிருக்குமே என்றுதான் எனக்குக் கவலை. இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், வண்டி வேண்டாம் என்று.