பழைய ஸ்போர்ட்ஸ் கார், பிரித்துக் கட்டிய எஞ்சின்: உங்கள் கேள்விகள்

ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் சான் ஸ்டார்ம் எட்டு வருடமாக நிற்கிறது. இரண்டு சீட், திறந்த கார். "பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும்" என்கிறார் உரிமையாளர். 2,40,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகர், மதுரை

வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். முக்கியமாக, பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து காட்ட அவரை விடாதீர்கள். எட்டு வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த வேகத்தில் சுழற்றினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். நல்ல எஞ்சின் அந்த ஒரு நிமிடத்தில் பாழாகும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் எஞ்சினின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால் நம்பிக்கை உண்டு. அதற்குப் பிறகும் ஆயில், டைமிங் பெல்ட், டேங்கில் கெட்டுப்போன பெட்ரோல் மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

இது கோவாவில் கட்டப்பட்ட வண்டி. பாடி ஃபைபர் கிளாஸ், துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் இரும்பு துருப்பிடிக்கும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ரெனோவின் 1,149 சிசி, தெரிந்த ஆள் கட்டிவிடுவார். விண்ட்ஷீல்டு, கதவுக் கண்ணாடி, விளக்குகள் எல்லாம் இருக்கின்றனவா, முழுதாக இருக்கின்றனவா என்பதுதான் எனக்குக் கவலை. அவற்றுக்கு அலைந்து முடியாது.

ஆர்சியையும் கையில் வாங்கிப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி. ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். எஞ்சின் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

4,50,000 கொடுத்து ஒரு பழைய டர்போ கார் வாங்கினேன். மூன்றாம் நாள் டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. விற்றவர் தனி நபர். பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
வாசகர், சேலம்

போக முடியாது. வீட்டில் இருந்த சொந்தக் காரை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். ரப்பர் பெல்ட் எப்போது மாற்றியது என்ற ஒரே கேள்வியைக் கேட்காமல் நாலரை லட்சம் கொடுத்திருக்கிறீர்கள். இதே கடிதம் இந்த வருடம் எனக்கு ஐந்தாவது முறையாக வருகிறது. பழைய வண்டி வாங்கினால் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றுங்கள். வேறு பதில் என்னிடம் இல்லை.

2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். கவனிப்பில்லாமல் கிடந்தது என்று தெரிந்துதான் 1,90,000க்கு வாங்கினேன். எஞ்சினை முழுதாகச் செய்து தருவதாக ஒரு பட்டறையில் 2,15,000 வாங்கினார்கள். நான்கு மாதம் ஆயிற்று. 1,400 கிலோமீட்டரிலேயே நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஆயில் குறைகிறது. "பழைய டர்போ, அப்படித்தான் குடிக்கும்" என்கிறார்கள். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் கொடுத்தேன். பழைய பிஸ்டன் எங்கே என்றால் இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.
வாசகர், திருப்பூர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. நிலைமை தெரிந்து, குறைந்த விலைக்கு வாங்கி, எஞ்சினுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்தை வாங்கியவர்கள் வேலையைச் செய்யவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

"ஃபுல் எஞ்சின் ஒர்க்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு எந்த அளவும் கிடையாது. பிரித்து, கரியைத் துடைத்து, புது ரிங்கும் கேஸ்கெட்டும் போட்டு, பிளாக்கில் வெள்ளிப் பெயிண்ட் அடித்து மூடினாலும் அதற்கு இதே பெயர்தான். 2011இல் நானும் அப்படி ஒரு ஃபியட் பாலியோ 1.6 வாங்கினேன். எஞ்சின் புதிதாகச் செய்தது என்றார்கள், பளபளவென்று இருந்தது, நம்பினேன். மூன்று மாதத்தில் புகை. பிரித்துப் பார்த்தால் தேய்ந்த சிலிண்டரில் பழைய பிஸ்டன், புது ரிங். மறுபடி கட்ட எனக்கு 70,000 ஆனது. அந்த வருடம் மகளுடைய பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினேன்.

சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில் அதிகம் தேயும், கீழே குறைவாகத் தேயும். வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்குப் போகும். அதில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் சுவரோடு ஒட்டாது, இடைவெளியில் ஆயில் மேலேறி எரியும். உங்கள் நீலப் புகை அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைக் கண்டுபிடிக்க, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் என்ற ஒரு கருவி போதும். ஒரு சிலிண்டரில் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை. ஆறு எண்கள். நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள். உங்கள் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் போதுமா, போர் அடித்து (அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டுமா என்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கில் முடிவாகும். விரலால் தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரிடம் இரண்டு லட்சம் ரூபாய் வேலையைக் கொடுக்கக் கூடாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கும் அப்படியே. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கிரைண்டிங் வேண்டுமா, எந்த சைஸ் பேரிங் என்று சொல்ல முடியும்.

போர் அடிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பிஸ்டன் வாங்கி அளந்து, அந்த அளவுக்குத்தான் லேத்தில் போர் அடிக்க வேண்டும். முதலில் போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக அமையாது. இந்த 1.8 டர்போவில் இன்னொன்று: ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் அது தார் மாதிரி இறுகி, சம்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் கட்டினால் புது பேரிங்கும் ஆயிலுக்கு ஏங்கும். சம்பைக் கழற்றியபோது எடுத்த படம் இருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. எஞ்சினை யாரும் திறக்க விடாதீர்கள். திறந்தால் "அவன் கெடுத்துவிட்டான்" என்று சொல்லத் தோதாகிவிடும். வேறொரு பட்டறையில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் வருகிறது), லீக் டவுன் டெஸ்ட் (அது எங்கே கசிகிறது) இரண்டும் எடுத்து எழுத்தில் வாங்குங்கள். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் சீல் போயிருந்தாலும் நீலப் புகை வரும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா?

அதன்பின் பட்டறைக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ்: 15 நாளில் சரிசெய்யுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், ஆன்லைனிலும் முடியும். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். பில் இல்லை என்று தயங்காதீர்கள். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றுதான், எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், தேவைப்பட்டால் மனுவைப் படித்துத் தருகிறேன்.

மற்றவர்களுக்கு: வண்டியை விடும் முன்பே அளவுத் தாள், பாகங்களின் பில், பழைய பாகங்கள் ஒரு பெட்டியில் திரும்ப. இந்த மூன்றையும் எழுதி கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

இங்கே மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று 1,100 பவுண்டுக்கு வருகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் பிரச்சினைதான் என்கிறார் விற்பவர்.
வாசகர், ஹாரோ, லண்டன்

வேண்டாம். இந்த வண்டியில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின். அது சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் கம்ப்ரஷன் மேல்தான். அதை அளக்க ரோட்டரிக்கென்றே தனி டெஸ்டர் வேண்டும், சாதாரண கேஜ் ஏமாற்றும். அந்த டெஸ்டுக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சினைக் கட்டும் செலவு இந்த விலையைப் போலப் பல மடங்கு. டீலரிடம் வாங்கினால் அந்த ஊர்ச் சட்டப்படி 30 நாளுக்குள் குறைபாட்டைக் காட்டித் திருப்பிக் கொடுக்கலாம். தனி நபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை.

டெல்லியில் ஒருவர் பழைய பிஎம்டபிள்யூ இசட்4 விளம்பரம் கொடுத்திருந்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், இடமாற்றமாம். 60,000 அனுப்பிவிட்டேன். இன்னும் 40,000 அனுப்பினால் லாரியில் ஏற்றுவாராம்.
வாசகர், ஓசூர்

இன்னும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் இப்போதே சொல்லுங்கள். ராணுவ வீரர் வேடம் பழைய மோசடி. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டில் மறைக்காதீர்கள்.

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே ஒன்று பார்த்தேன். எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள், புதுப்பேட்டையில் வாங்கியதாம். நன்றாக ஓடுகிறது. ஆர்சியில் இருக்கும் எஞ்சின் எண் வேறு. பரவாயில்லையா?
வாசகர், செங்கல்பட்டு

ஆர்டிஓவில் பதிந்து ஆர்சியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். செய்ய முடியாது என்றால் வாங்காதீர்கள். வேறு வண்டியின், ஒருவேளை திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் தகராறு வரும்.

நான் கேட்கும் கேள்வி வேறு: பழைய எஞ்சினுக்கு என்ன ஆயிற்று? சென்னை வண்டி என்றால் எனக்கு 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டும்தான் நினைவுக்கு வரும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து முகர்ந்து பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியின் பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. எஞ்சினை மாற்றலாம், வயரிங் ஐந்து வருடம் உங்களை அலைக்கழிக்கும்.

1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. விற்பவர் எஞ்சின் வேலை முடிந்தது என்கிறார். ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே சேஸிஸில்தான் வந்தது என்று சொல்லி விலையை ஏற்றுகிறார். எதைப் பார்த்து வாங்குவது?
வாசகர், தஞ்சாவூர்

அவர் சொல்வது உண்மைதான். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். அதற்காக, சென்னையில் கட்டிய உங்கள் வண்டியின் விலை ஏற வேண்டியதில்லை.

இந்த எஞ்சினுக்கு ஒரு சோதனை உண்டு. பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது, இன்னொருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது சம்பில் விழுந்துகிடக்கிறது. அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். நான் வாங்கிய ஹெரால்டில் அதுதான் நடந்தது. அந்தச் சோதனை அப்போது எனக்குத் தெரியாது. பிளாக் தேறவில்லை, வேறு பிளாக் தேடிப் பதினோரு மாதம் அலைந்தேன்.

50 வருடம் தாண்டியதால் விண்டேஜ் பதிவும் கிடைக்கும், நம்பரில் விஏ என்று வரும். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான். எதற்காக வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிப்போய் கிளட்சை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். புல்லி எவ்வளவு நகர்ந்தது என்று எழுதுங்கள், அப்புறம் விலையைப் பற்றிப் பேசுவோம்.